454 என்ஜினுக்குப் பெரிய மெக்கானிக்கல் ஃப்யூவல் பம்ப் போடலாமா? முழு த்ராட்டிலில் சக்தி இறங்குகிறது

நீலக்கயல் கேட்டது:

வணக்கம். 24 அடி வி-ஹல் படகு, ஒற்றை என்ஜின். செவ்ரோலே 454 பிக் பிளாக் (454 கன அங்குல வி8). பிளாக்கில் கேம்ஷாஃப்டால் ஓடும் பழைய மெக்கானிக்கல் பம்ப்தான் இன்னும் இருக்கிறது. ஹெட், கேம், இன்டேக் மூன்றையும் மாற்றி, மேலே மரைன் ஹோலி 850 கார்புரேட்டர் வைத்தோம். டைனோவில் (என்ஜின் சக்தியை அளக்கும் கருவி) 500 குதிரைத்திறனை ஒட்டி வந்தது. முன்பு 330 இருந்த என்ஜின்.

தண்ணீரில் முழு த்ராட்டில் கொடுத்தால் 5,000 ஆர்பிஎம் வரை சுத்தமாக ஏறுகிறது. சில விநாடி நிற்கும், அப்புறம் மெல்ல மெல்ல 4,400க்கு இறங்கிவிடும். த்ராட்டிலைப் பாதியாகக் குறைத்தால் தெளிந்துவிடும். மறுபடி கொடுத்தால் மறுபடி அதே கதை. ஃபில்டர் புதிது, இக்னிஷன் முழுக்கப் பார்த்தாகிவிட்டது. டேங்கிலிருந்து பம்ப் வரை 3/8 அங்குல ஹோஸ்.

கார் ரேஸுக்கான மெக்கானிக்கல் பம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மணிக்கு 130 கேலன் என்று போட்டிருக்கிறது, அதே இடத்தில் அப்படியே பொருந்தும். வாங்கிவிடலாமா?

எண்ணெய்க்கை எழுதியது:

தம்பி, முதலில் இது தீரும்வரை முழு த்ராட்டில் ஓட்டத்தை நிறுத்திவையுங்கள். நீங்கள் சொல்வது அப்படியே ஃப்ளோட் பவுல், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம், காலியாகும் அறிகுறி. பவுலில் நிற்கிற பெட்ரோல் சில விநாடி தாங்குகிறது. வரத்து குறைவாக இருப்பதால் மட்டம் இறங்கி, கலவை லீனாகிவிடுகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் போகிறது. சாலையில் ஒரு கார் முழு த்ராட்டிலில் இருப்பது கொஞ்ச நேரம்தான். படகு அப்படியில்லை, தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகவேண்டும், சுமை இறங்குவதே இல்லை. அந்தச் சுமையில் லீனாக ஓடினால் பிஸ்டன் உருகும், எக்ஸாஸ்ட் வால்வு எரியும். இத்தனை செலவழித்துக் கட்டிய என்ஜினை ஒரு குழாய்ப் பிரச்சினைக்குப் பலிகொடுக்க வேண்டாம்.

அடுத்தது, அந்தக் கார் பம்ப் வேண்டவே வேண்டாம். பொருந்தும் என்பது உண்மைதான், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கார் பம்பில் டயஃப்ரம் (பெட்ரோலைத் தள்ளும் சவ்வு) கிழிந்தால் பெட்ரோல் வென்ட் துளை வழியாக வெளியே சொட்டும். காரில் அது தரையில் விழுந்து காற்றில் கலைந்துவிடும். படகில் பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், தேங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் படுத்துக் கிடக்கும், வெளியேறாது. அதற்கு மேல் ஒரே ஒரு பொறி போதும். மரைன் பம்பில் இதற்காகவே டயஃப்ரம் இரண்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு சின்னத் தெளிவான குழாய் கார்புரேட்டருக்கோ அதன் மேலிருக்கும் ஃப்ளேம் அரெஸ்டருக்கோ (தீ வெளியே வராமல் தடுக்கும் மூடி) போகும். முதல் டயஃப்ரம் கிழிந்தால் அந்தக் குழாயில் பெட்ரோல் கண்ணுக்குத் தெரியும். முதல் டயஃப்ரம் போனாலும் பம்பிலிருந்து பெட்ரோல் வெளியே கசியக் கூடாது என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. எந்த நாட்டில் ஓட்டினாலும் அந்த விதிக்குக் கீழே இறங்காதீர்கள்.

சரி, எவ்வளவு பெட்ரோல் தேவை என்று பார்ப்போம். முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு, அதாவது சுமார் 227 கிராம் பெட்ரோல் என்பது எல்லோரும் வைக்கும் கணக்கு. 500 குதிரைத்திறனுக்கு மணிக்கு 113 கிலோ, லிட்டரில் சுமார் 150. கேலனில் சொன்னால் 40தான். அப்படியென்றால் 130 கேலன் பம்ப் மூன்று மடங்கு பெரிதல்லவா என்று தோன்றும். பெட்டியில் போடும் எண் பெரும்பாலும் எதிர் அழுத்தமே இல்லாமல் திறந்த வாயில் கொட்டும் அளவு. கார்புரேட்டர் கேட்கும் 5 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் அதே பம்ப் தருவது அதைவிட நன்றாகவே குறையும். அதனால் கொஞ்சம் தாராளமாகப் பெரிய பம்ப் எடுப்பதில் தவறில்லை, ஆனால் பெட்டி எண்ணை நம்பித் தேர்ந்தெடுக்க முடியாது.

இப்போது நான் அழுத்திச் சொல்ல நினைப்பது: உங்கள் பம்ப் மீதே எனக்கு முதல் சந்தேகம் இல்லை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் உறிஞ்சு பக்கத்தின் மீதுதான். பம்ப் பெட்ரோலை இழுப்பதாக நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, டேங்கில் இருக்கும் காற்றழுத்தம் பெட்ரோலைத் தள்ளிவிடுகிறது. வழியில் தடை இருந்தால் வாயில் வெற்றிடம் ஏறும். வெற்றிடம் ஏறினால், சூடான என்ஜின் அறையில் பெட்ரோல் அங்கேயே கொதித்து ஆவிக்குமிழாகிவிடும். பம்ப் அப்புறம் குமிழைத்தான் தள்ளும். அந்தத் தடையை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய பம்ப் போட்டால் வெற்றிடம் இன்னும் ஏறத்தான் செய்யும். புதுப் பம்ப் போட்ட பிறகு முன்பைவிட மோசமானது என்று என்னிடம் வரும் படகுகளில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தடை எவ்வளவு வேகமாகக் கூடும் தெரியுமா? ஒரே குழாயில் ஓட்டம் ஒன்றரை மடங்கானால் அழுத்த இழப்பு ஏறக்குறைய இரண்டேகால் மடங்காகும். 330லிருந்து 500 என்பது அந்த ஒன்றரை மடங்கு. பழைய என்ஜினுக்குத் தாராளமாக இருந்த ஆன்டி-சைஃபன் வால்வும் (டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக வடியாமல் தடுப்பது), டேங்கினுள் இறங்கும் பிக்கப் குழாயும், ஃபில்டர் ஹெட்டின் சின்ன ஃபிட்டிங்கும் இப்போது கழுத்தைப் பிடிக்கின்றன. டைனோவில் ஏன் தெரியவில்லை என்றால், அங்கே பெரும்பாலும் அவர்களுடைய டேங்கிலிருந்து அவர்களுடைய பம்ப்தான் பெட்ரோல் கொடுத்திருக்கும்.

ஆகவே வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். பம்பின் நுழைவாயிலில் டி ஃபிட்டிங் (மூன்று வாய் இணைப்பு) வைத்து வெற்றிட மானி ஒன்று, வெளிவாயிலில் அழுத்த மானி ஒன்று. முழு த்ராட்டிலில் இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கவேண்டும். இதற்குப் போதுமான சில விநாடி மட்டும் ஓட்டினால் போதும், 5,000லிருந்து இறங்கத் தொடங்கியதும் த்ராட்டிலை எடுத்துவிடுங்கள். நுழைவாயிலில் வெற்றிடம் 2 அங்குலப் பாதரசத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தடை முன்னால் இருக்கிறது. வெற்றிடம் சரியாக இருந்து, அழுத்தம் மட்டும் 4 பிஎஸ்ஐக்குக் கீழே விழுந்தால் பம்ப் போதவில்லை. பெட்ரோல் நிறைந்த மானியை ஓட்டுநர் இருக்கைப் பக்கம் நீட்டிக்கொண்டு வராதீர்கள், மின் சென்டர் (அளவை ஒயர் வழியே அனுப்பும் உணரி) பயன்படுத்துங்கள். டி போட்ட பிறகு கசிவு பார்த்து, புளோவரை (என்ஜின் அறையின் ஆவியை வெளியேற்றும் விசிறி) நான்கு நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும்.

இரட்டைப்ரொபெல்லர் எழுதியது:

இவ்வளவு அளப்பதற்குப் பதில் டேங்க் பக்கத்தில் ஒரு மின் பம்ப் வைத்துத் தள்ளிவிட்டால் உறிஞ்சுகிற பிரச்சினையே இருக்காதே? காரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எண்ணெய்க்கை எழுதியது:

காரில் அது நல்ல வழி. படகில் கூடாது. அதே அமெரிக்க விதிப்படி பம்ப் என்ஜின் மீதோ, என்ஜினிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளோ இருக்கவேண்டும். காரணத்தை யோசித்துப் பாருங்கள். உறிஞ்சு குழாயில் சின்ன விரிசல் விழுந்தால் காற்று உள்ளே போகும், என்ஜின் தடுமாறும், அவ்வளவுதான். டேங்கிலிருந்தே அழுத்தம் கொடுத்தால் அதே விரிசலிலிருந்து பெட்ரோல் படகின் நீளம் முழுக்கப் பீய்ச்சும். மின் பம்ப் போட்டே ஆகவேண்டும் என்றால் என்ஜின் பக்கத்தில், பொறி வெளியே வராத மரைன் வகை, அதோடு ஆயில் பிரஷர் சுவிட்ச். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கவேண்டும், சாவி ஆனில் இருந்தாலும்.

500 குதிரைத்திறனுக்கு நல்ல மரைன் மெக்கானிக்கல் பம்ப் போதும் என்பது என் கருத்து. ஒயர் இல்லை, ரிலே இல்லை, என்ஜின் நின்றால் தானே நிற்கும். கடலில் எனக்கு அந்த எளிமை பிடிக்கும்.

நீலக்கயல் எழுதியது:

அண்ணா, அளந்துவிட்டேன். முழு த்ராட்டிலில் வெற்றிடம் 5 அங்குலம் காட்டியது. அழுத்தம் 5.5லிருந்து 2 பிஎஸ்ஐக்கு விழுந்தது. டேங்க் மூடியைத் தளர்த்தி வைத்தும் பார்த்தேன், வித்தியாசம் இல்லை, அதனால் டேங்க் வென்ட் அடைப்பில்லை. ஆன்டி-சைஃபன் வால்வைக் கழற்றினால் உள்ளே துளை பென்சில் முனை அளவுதான். அதன் பந்தையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு மாட்டலாமா?

எண்ணெய்க்கை எழுதியது:

எடுக்கவே கூடாது. டேங்க் மட்டத்துக்குக் கீழே எங்காவது ஹோஸ் அறுந்தால் டேங்க் முழுவதும் பில்ஜுக்குள் வடிந்துவிடாமல் தடுப்பது அந்த வால்வு மட்டும்தான். பெரிய துளையுள்ள வால்வு கிடைக்கும், 1/2 அங்குலத்துக்கு வாங்குங்கள். பிக்கப் குழாயின் உள்விட்டத்தையும் பாருங்கள், அது 3/8க்குக் குறைவாக இருந்தால் வால்வை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஹோஸும் 1/2 அங்குலம், தீ தாங்கும் ஏ1 வகை. பளபளக்கும் எஃகு வலை போட்ட ரேஸ் ஹோஸ் அழகாக இருக்கும், ஏ1 என்று அச்சிட்டிருந்தால் தவிர வாங்காதீர்கள். வளைவுகளில் 90 டிகிரி எல்போ எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் முடிந்தவரை நீக்குங்கள். நீர் பிரிக்கும் ஃபில்டரின் ஹெட்டும் பெரிய துளை உள்ளதாக இருக்கட்டும்.

நீலக்கயல் எழுதியது:

வால்வு, ஹோஸ், பிக்கப், ஃபில்டர் ஹெட் எல்லாம் மாற்றியாயிற்று. வெற்றிடம் 1.5 அங்குலத்துக்கு வந்துவிட்டது. அழுத்தம் முழு த்ராட்டிலில் 3.5இல் நிற்கிறது. ஆர்பிஎம் முன்போல் விழவில்லை, ஆனால் 4,900ஐத் தாண்டத் தயங்குகிறது.

எண்ணெய்க்கை எழுதியது:

இப்போது பம்ப் மாற்றலாம், இது பம்பின் குறைதான். மரைன் வகையில் உயர் ஓட்டப் பம்ப் எடுங்கள். பழைய பம்பைக் கழற்றியதும் புஷ்ராடை (கேமுக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் கம்பி) வெளியே எடுத்து முனைகளைப் பாருங்கள். தேய்ந்து குழிந்திருந்தால் பம்பின் வீச்சே குறைந்திருக்கும், புதுப் பம்புக்கும் அதே கதிதான். உங்கள் புதுக் கேம் பில்லட் எஃகு ரோலர் கேம் என்றால் அதன் எக்சென்ட்ரிக்கோடு (பம்பை ஓட்டும் மேடு) ஒத்துப்போகும் புஷ்ராட் வேண்டும், பித்தளை நிறத்தில் வெண்கல முனை உள்ளது. கேம் வாங்கிய இடத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாட்டும்போது புஷ்ராட் கீழே நழுவிக்கொண்டே இருக்கும். பிளாக்கின் முன்பக்கம் வலதுபுறம் அந்தத் துளைக்கு நேராக ஒரு போல்ட் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அதே மரையில் நீளமான போல்ட்டைக் கையால் மெதுவாகச் செலுத்தினால் ராடைப் பிடித்துக்கொள்ளும். பம்ப் அமர்ந்ததும் நீள போல்ட்டைக் கழற்றிப் பழைய குட்டை போல்ட்டை மறக்காமல் போடவேண்டும். நீள போல்ட் உள்ளேயே இருந்தால் ராட் அசையாது, ஸ்டார்ட் செய்ததும் ஏதாவது உடையும்.

ஐட்லில் அழுத்தம் 7 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அழுத்த ரெகுலேட்டர் தேவை, இல்லையென்றால் கார்புரேட்டரின் நீடில் வால்வு மூடாமல் பவுல் வழிந்துவிடும். பம்பின் தெளிவான குழாயைக் கார்புரேட்டரில் மாட்டிய பிறகுதான் என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். முழு த்ராட்டிலில் அழுத்தம் 5க்கு மேல் நின்றும் 4,900ஐத் தாண்டவில்லை என்றால், ஸ்பார்க் பிளக் எட்டையும் படம் எடுத்துப் போடுங்கள், அப்புறம் கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் பாயும் துளை) அளவைப் பேசலாம்.