பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியல் முதல் கல்விக்கடன் வரை எங்கள் அனுபவம்

என் அக்கா மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அவள் வீட்டில் இதற்கு முன் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை. சென்ற ஆண்டு அவளுடைய பொறியியல் சேர்க்கை வேலைகளை உடனிருந்து செய்தவன் என்ற முறையில், இவ்வாண்டு விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், சாதி, இருப்பிடம், வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களை இ-சேவை வழியாக முன்பே பெற்றுவிடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாக மேலே செல்வதால், முடிவுகள் வெளியாகி எல்லோரும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கும் வாரங்களில் அது தாமதமாகும். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிப்பவர்கள், கடைக்காரரின் கைபேசி எண்ணைப் பதிய ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். கலந்தாய்வு முடியும்வரை ஓடிபி அனைத்தும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் வைத்துத் தரவரிசை வெளியாகிறது. அதன் பிறகு, கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் நாம் விரும்பும் வரிசையில் அடுக்கும் விருப்பப் பட்டியலை நிரப்பக் கிடைப்பவை சில நாட்களே. அந்த நாட்களில் எங்களுக்கு அறிவுரை சொன்ன பலரும், "கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கிடைக்கிற கல்லூரியும் போய்விடும்" என்றார்கள். இது முற்றிலும் தவறான எண்ணம். மாணவரின் தரவரிசைக்கான முறை வரும்போது, அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அவருக்குரிய இட ஒதுக்கீட்டுப் பிரிவில் காலியாக உள்ள முதல் விருப்பத்தைக் கணினி ஒதுக்குகிறது. ஆகவே எட்டாத கல்லூரி மேலே இருப்பதால் கீழே உள்ளவற்றுக்கு எந்த இழப்பும் இல்லை. கிடைக்கும் என்று நினைப்பதை மேலே வைத்து, உண்மையில் விரும்புவதைக் கீழே வைப்பவருக்குத்தான் இழப்பு. முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற விவரம் இணையத்திலேயே கிடைக்கிறது. அதைத் தன் பிரிவுக்கு மட்டும் எடுத்து, விடுதிச் செலவையும் வீட்டிலிருந்து உள்ள தூரத்தையும் பக்கத்தில் எழுதி, முதலில் தாளில் வரிசைப்படுத்திய பிறகே அவள் கணினியில் ஏற்றினாள். அந்த வரிசை அவளே முடிவு செய்தது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இதற்கிடையே, "இன்றே முன்பணம் கட்டினால் கணினி அறிவியல் இடம் உறுதி" என்று ஒரு முகவர் அக்காவைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார். கலந்தாய்வு முடியும்வரை யாருக்கும் பணம் கொடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தோம். கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை அவளுக்குக் கிடைத்திருக்காது. இதை அந்த முகவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

கட்டணச் சலுகை போக விடுதிக்கும் மற்றச் செலவுகளுக்கும் கடன் தேவைப்பட்டது. நேரில் சென்ற வங்கிக் கிளையில், வீட்டுப் பத்திரம் இல்லாமல் ஆகாது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணையும், செலவில் நம் பங்காகப் போடும் முன்பணமும் தேவையில்லை, 7.5 லட்சம் வரையிலும் சொத்து அடமானம் கேட்பதில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டதோ 4 லட்சத்துக்கும் குறைவு. எனவே கல்விக்கடனுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க 2015-இல் தொடங்கப்பட்ட வித்யாலக்ஷ்மி தளத்தில், ஒதுக்கீட்டு ஆணையையும் கல்லூரி அளித்த செலவு விவரத்தையும் இணைத்து விண்ணப்பித்தோம். அங்கே ஒரே படிவத்தை மூன்று வங்கிகளுக்கு வரை அனுப்ப முடிந்தது. வாய்மொழி மறுப்புக்குத் தடயம் இருக்காது. இணைய விண்ணப்பமோ பதிவு எண்ணோடு நிற்பதால், அதன் நிலையை வங்கி பதிவு செய்தாக வேண்டும். வேறொரு வங்கி ஆவணங்களைச் சரிபார்த்துக் கடனை அனுமதித்தது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்குமான வட்டியை மானியமாகப் பெற மத்திய அரசின் திட்டம் ஒன்று உண்டு. அதற்கான வருமானச் சான்றிதழை, கடன் அனுமதிக்கப்படும்போதே வங்கியில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்துக்கு விண்ணப்பித்தாள். 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கிய இத்திட்டம், பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவ்வாறு படித்ததற்கான சான்று தேவை. மாதம் 1,000 ரூபாய் மாணவியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே வருவதால், அக்கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டுள்ளதா என்று சேர்க்கைக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பம் கல்லூரி வழியாகவே செல்வதால், சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள பொறுப்பு அலுவலரைச் சந்தியுங்கள்.