அலைன்மென்ட் பண்ணதும் ஈஎஸ்பி லைட் எரியுது, ஸ்டீரிங் ஆங்கிள் சென்சார் போயிடுச்சா?

நெடுவழி:
ஸ்டீரிங் லேசா இடது பக்கம் சாஞ்சே இருந்துச்சுன்னு வீல் அலைன்மென்ட் பண்ணேன், இப்ப நேரா இருக்கு, ஆனா கொஞ்ச தூரம் ஓட்டினதும் ஈஎஸ்பி (வண்டி சறுக்காம பாத்துக்கற சிஸ்டம்) லைட் வந்துடுது. ஸ்கேன் பண்ணவர் ஸ்டீரிங் ஆங்கிள் சென்சார் போச்சு, மாத்துங்கன்னு சொல்றார். நேத்து வரைக்கும் நல்லா இருந்தது எப்படி திடீர்னு போகும்? அது எப்படித்தான் வேலை செய்யுது?

சக்கரம்:
அவசரப்பட்டு மாத்திடாதீங்க. அந்த சென்சார் ஸ்டீரிங் காலம்ல (ஸ்டீரிங்கோட சேந்து சுத்துற தண்டு), பல வண்டில க்ளாக் ஸ்ப்ரிங்கை (ஹார்ன், ஏர்பேக்குக்கு கரண்ட் கொண்டு போற சுருள் வயர்) ஒட்டியே இருக்கும், டயர் எந்தப் பக்கம் பாக்குதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது, அந்தத் தண்டு எத்தனை டிகிரி சுத்துச்சுன்னு மட்டும் கேன் லைன்ல (வண்டியோட கம்ப்யூட்டர்கள் பேசிக்கிற வயர்) சொல்லும். சாஞ்ச நிலையை அது ஜீரோன்னு வச்சிருந்திருக்கும், இப்ப டை ராடை (ஸ்டீரிங் பக்கத்துல இருந்து முன் வீலைத் திருப்புற கம்பி) திருகி ஸ்டீரிங்கை நேராக்கிட்டாங்க, அதனால நீங்க நேரா போகும்போதும் அது வலது பக்கம் சில டிகிரின்னு சொல்லுது. ஆனா யா ரேட் சென்சாரும் (வண்டி எவ்வளவு வேகமா திரும்புதுன்னு அளக்கிறது) நாலு வீல் ஸ்பீடும் வண்டி திரும்பவே இல்லைன்னு சொல்லுது. எதை நம்புறதுன்னு தெரியாம ஈஎஸ்பி தன்னையே ஆஃப் பண்ணிக்குது. ஸ்கேனரோட லைவ் டேட்டால ஆங்கிள் எவ்வளவு காட்டுதுன்னு முதல்ல பாருங்க.

திருகாணி:
நடுவுல எனக்கு ஒரு டவுட், ஸ்டீரிங் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 3 சுத்து வருதே, எந்த சுத்துல இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

சக்கரம்:
அதுதான் இதுல ரொம்ப அழகான விஷயம். காந்தம் வச்ச டைப்ல ஸ்டீரிங் தண்டோட பெரிய பல்சக்கரம் ரெண்டு குட்டி பல்சக்கரத்தை சுத்தும், அந்த ரெண்டுலயும் பல்லு எண்ணிக்கை வேற வேற, அதனால ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் மாறிட்டே போகும், அதை வச்சு இக்னிஷன் போட்ட உடனே மொத்த ஆங்கிளையும் சொல்லிடும். துளை போட்ட தட்டும் எல்இடியும் வச்ச ஆப்டிகல் டைப்பும் இருக்கு.

நெடுவழி:
பாத்தேன் ப்ரோ, ஸ்டீரிங் நேரா இருக்கறப்ப 7 டிகிரி காட்டுச்சு! ஸ்கேனர்ல கேலிப்ரேஷன் (நேரா இருக்கறதை புது ஜீரோவா செட் பண்றது) பண்ணதும் 0 வந்துச்சு, லைட்டும் போயிடுச்சு. ரொம்ப நன்றி.

சக்கரம்:
சந்தோஷம். நாளைக்கு க்ளாக் ஸ்ப்ரிங் மாத்தினாலும், ஸ்டீரிங் காலத்தைக் கழட்டினாலும் இந்த கேலிப்ரேஷனைப் பண்ணிடுங்க. சில வண்டிக்கு ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பினாலே போதும், சிலதுக்கு ஸ்கேனர் இல்லாம ஆகாது.