புதுப்பிப்பு: ஊர் வீட்டுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை

தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்குக் கழிப்பறை கட்டப் பணம் அனுப்புகிறவர்களுக்காக இரட்டை உறிஞ்சு குழி பற்றி முன்பு எழுதியிருந்தேன். கழிப்பறைக்கு இரண்டு குழி வெட்டி, ஒன்று நிரம்பியதும் மற்றதுக்கு மாறும் முறை அது. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் நண்பர்கள் பலர் கேட்டது ஒன்றுதான்: “குழியின் அடியில் சிமெண்டு போடாவிட்டால் நாறாதா?”

நாறாது. போடவும் கூடாது. நம் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளின் செப்டிக் டேங்க் வேறு. அதன் அடி மூடியிருக்கும், கழிவை லாரி வந்து உறிஞ்சும். உறிஞ்சு குழியிலோ தண்ணீரும் வாயுவும் மண்ணுக்குள் இறங்க வேண்டும். அதனால்தான் அடியை மண்ணாகவே விட்டு, பக்கச் சுவரில் செங்கலை இடைவெளி விட்டுத் தேன்கூடு மாதிரி அடுக்குவது. கொத்தனார் ‘உறுதிக்கு’ என்று பூசிவிட்டால் குழி சீக்கிரமே நிரம்பி வழியும்.

ஐந்தாறு பேருக்கு ஒரு மீட்டர் விட்டம், ஆழம் அதற்குச் சற்றுக் கூட. குழிகளுக்கு நடுவே ஒரு மீட்டர்; கிணறு 10 மீட்டராவது தள்ளி.

பேசினை, அதாவது குந்தி உட்காரும் கழிப்பறைக் கோப்பையை, கவனித்து வாங்கச் சொல்லுங்கள். சரிவு அதிகமுள்ள கிராமப்புறப் பேசினுக்கு 20 மில்லிமீட்டர் நீரடைப்பு (நாற்றம் மேலே வராமல் பேசினின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்). இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். நகரத்துப் பேசினுக்கு 50 மில்லிமீட்டர், வாளி வாளியாகக் கேட்கும். குளியல் தண்ணீரையும் குழிக்குள் விடக்கூடாது.

பேசினிலிருந்து வரும் கழிவை இரு குழிகளுக்கும் பிரித்துவிடும் பிரிப்புத் தொட்டியில் ஒரு வாயை அடைத்தே வைக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் இரண்டு குழியும் சேர்ந்தே நிரம்பும். அப்புறம் எதற்கு இரட்டைக் குழி? முதல் குழி நிரம்பியதும் கழிவை இரண்டாவது குழிக்கு மாற்றிவிட்டு, நிரம்பியதை 2 ஆண்டு தொடாமல் விட்டால் எருவாகிவிடும்.

தூய்மை இந்தியா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. கட்டத் தொடங்குமுன் ஊராட்சியில் விசாரிக்கச் சொல்லுங்கள்.