புதுப்பிப்பு: செக்கா ஷிபோரியில் பனிப்பூ வடிவம் கலங்கியது, இப்போது சரியாகிவிட்டது

துணியை மடித்து, இறுக்கிச் சாயம் ஏற்றிப் பனிப்பூ வடிவம் கொண்டுவரும் ஜப்பானிய முறைதான் செக்கா ஷிபோரி. போன மாதம் கேட்டிருந்தேன்: பருத்தித் துணியை முக்கோணமாக மடித்து, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி, ஓரத்தை அவுரிச் சாயத்தில் முக்கினால் பனிப்பூ வராமல் நீலத் திட்டாகவே நிற்கிறதே, ஏன்? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மடித்ததைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு முக்குங்கள்" என்று ஓர் அக்கா சொன்னதுதான் பலித்தது. நான் காய்ந்த துணியையே முக்கியதால் அது சாயத்தை நடு மடிப்பு வரை உறிஞ்சிவிட்டது. அரை மணி நேரம் ஊறிய துணிக்குள் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் சாயம் ஓரத்தோடு நின்றது. ஜப்பானின் நகோயா நகரத்து அரிமட்சு பகுதியின் சாயத்துணிகளில் பார்த்து ஆசைப்பட்ட அதே ஆறு இதழ்!

அப்புறம் மடிப்பு. நான் சமோசா மடிப்பது போல ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போயிருந்தேன். அப்படிச் செய்தால் உள்ளே மாட்டிய அடுக்குகளுக்குச் சாயம் ஒழுங்காக எட்டாது. விசிறி மாதிரி முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி மடிக்க வேண்டும். கை பழகுவதற்கு முதலில் தாளில் மடித்துப் பாருங்கள். வாஷி என்ற ஜப்பானியத் தாள் கிடைத்தால் அதன் முனைகளையே வண்ணநீரில் முக்கலாம். ஓரிசோமெ என்பது இதைத்தான். அதுவும் கொள்ளை அழகு.

எதிர்பாராத ஒன்று: இந்த முறை உடனே பிரித்ததால் உள்மடிப்புகள் பச்சையாக இருந்தன. பயந்துவிட்டேன். காற்றுப் பட்டதும் கொஞ்ச நேரத்தில் தானாக நீலமாயின. முழுக்க நிறம் மாறிய பிறகுதான் அலசினேன்.