பிளெக்ஸில் 'பின்பாட்டு' போடலாமா? இரண்டாம் இடத்தில் நின்றவருக்கு என்ன சொல்?

பாம்பன்_கரை
நாட்டுப்படகு சங்கத்துல 20 வருசம் துணைச் செயலாளரா இருந்தவருக்குப் பாராட்டு விழா. 8க்கு 4 பிளெக்ஸ், படத்துக்குக் கீழ ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். தலைவர் பதவிக்கு ஆசைப்படாம கூடவே நின்னு வேலை பார்த்தவர்ங்கிறது அதுல தெரியணும். இதுவரை வந்தது:

"தலைவருக்கு என்றும் பின்பாட்டாய் நின்றவர்"
"சங்கத்தின் பக்கமேளம்"
"சங்கத்தின் கறிவேப்பிலை" (மணம் குடுக்குதாம்!)

எது மரியாதை, எது வம்பு? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்.

தேவிபட்டினத்தான்
மூணும் வேணாம் தம்பி. கறிவேப்பிலையை முதல்ல எடுங்க. தாளிக்கிற வரைக்கும்தான் அதுக்கு மதிப்பு, இலையில விழுந்ததும் ஓரத்துல ஒதுக்கிருவாக. "கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டாக"ன்னுதான் ஊர்ல பேச்சே. விழா நடக்கிறதுக்கு முந்தி அவரு வீட்டாளுகளே பிளெக்ஸைக் கிழிச்சிருவாக.

பின்பாட்டு விசயம் வேற. நம்ம பக்கத்துத் திருவிழா மேடையில, வள்ளி திருமணம் மாதிரி ஸ்பெஷல் நாடகத்துல, ஆர்மோனியக்காரருக்குப் பேரே பின்பாட்டுதான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன்னு சொல்ற அதே வரிசையில அதுவும் ஒரு பதவி. சுருதி குடுக்கிறது அவரு. நடிகர் பாடி முடிச்ச அடியைத் தான் வாங்கிப் பாடி, அவருக்கு மூச்சு விட இடம் குடுக்கிறதும் அவருதான். நடிகர் மெட்டை விட்டுட்டா ரெண்டு கட்டையை அழுத்தி எடுத்துக் குடுக்காட்டி விடியிற வரைக்கும் நாடகம் ஓடாது. மேடையில இவ்வளவு மரியாதையான சொல்லு, டீக்கடைக்கு வந்ததும் "அவன் சொன்னதையே இவனும் சொல்றான்"னு ஆகிப்போச்சு. பிளெக்ஸைப் படிக்கிறவுக டீக்கடையில நிக்கிறவுகதான்.

'ஒத்து' அதைவிட மோசம். யாராச்சும் கொண்டு வந்தா அப்பவே தடுத்துருங்க. நாயனத்துக்குப் பக்கத்துல ஊதுற ஒத்துக்குழல் நீளத்துல நாயனம் மாதிரியே இருக்கும், ஆனா விரல் வச்சு வாசிக்கிற துளை கெடையாது. அடியில இருக்கிற துளைகள்ல சிலதை மெழுகு வச்சு அடைச்சு சுருதி சேர்ப்பாக. மூக்கால மூச்சை இழுத்துக்கிட்டே கன்னத்துல அடைச்ச காத்தை விட்டு, அறாம ஒரே சுரம் ஊதணும். நாயனக்காரர் எந்த ராகத்துக்குப் போனாலும் இவருக்கு அதே சுரம்தான். "ஒத்து ஊதுறான்"னு ஏசுறது அதுனால வந்தது. இப்ப பல கச்சேரியில ஒத்துக்குழல் போயி சுருதிப்பெட்டி வந்துருச்சு. ஏச்சு மட்டும் போகலை.

பக்கமேளம், ஜால்ரா, தாளம் போடுறது எல்லாத்துக்கும் இதே கதிதான்.

திருப்பாலைக்குடி_கொத்து
கட்டட வேலையில கொத்தனார், நிமிந்தாள், சித்தாள்னு சொல்றோம். அது கூலிக் கணக்கு, யாரும் கோவப்படுறதில்லை. ஆனா "தலைவருக்குச் சித்தாள்"னு எழுதினா சண்டைதான். தொழிலுக்குள்ள சாதாரணமா இருக்கிற பேரை வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது.

இன்னொண்ணு, சொல்லு ஒண்ணா இருந்தாலும் கூட வர்றதைப் பொறுத்து மாறும். கை கொடுத்தவர் நல்லது. கையாள் கெட்டது. வலதுகை பரவாயில்ல, ஆனா எங்க பக்கம் ரவுடிக்கும் வலதுகைதான். தோள் கொடுத்தார்னா பெருமை, முட்டுக் கொடுத்தார்னா தப்பை மறைச்சார்னு அர்த்தம். எடுபிடி பத்திப் பேசவே வேணாம். "ஒப்புக்குச் சப்பாணி"யை யாராச்சும் தமாசுக்குச் சொன்னாலும் ஏத்துக்காதீங்க. ஆட்டத்துல பேருக்குச் சேர்த்துக்கிட்ட சின்னப் பிள்ளையைச் சொல்றது அது, மாற்றுத்திறனாளிகளையும் புண்படுத்தும்.

கீழக்கரை_மேலத்தெரு
கடல்காரருக்குக் கடல் சொல்லே போடலாமே? பழைய முத்துக்குளியில, குளிக்கிறவர் 15 கிலோ வாக்குல உள்ள கல்லுல கால் வச்சு இறங்குவார். தரை தட்டினதும் கல்லை விட்டுருவார், மேல இருக்கிறவர் உடனே அதை இழுத்து வச்சுக்கணும். அப்புறம் சிப்பி போடுற பையோட கயித்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், ஒரு சுண்டு சுண்டினா தூக்கணும். கயிறு தொய்ஞ்சா சுண்டினது கைக்குத் தெரியாது. இறுக்கிப் பிடிச்சா கீழ இருக்கிறவர் நகர முடியாது. அந்தக் கயித்தை மச்சான் கையிலதான் குடுக்கணும்னு கரையில ஒரு பேச்சு உண்டு. "கயிறு பிடித்தவர்"னு போட்டா நம்ம ஆளுகளுக்கு விளங்கும்.

தேவிபட்டினத்தான்
கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்ன சொல்லு அழகு. ஆனா வெளியூர்க்காரனுக்கு அது "கயிறு திரிக்கிறவர்"னு ஞாபகம் வரும், பொய்க்காரர்னு ஆயிரும். கூட்டத்துல பேசுறப்ப விளக்கிச் சொல்லலாம். பிளெக்ஸ்ல விளக்க இடமில்லை.

எனக்குப் பட்டது அச்சாணி. குறள் 667ல வர்றது: "உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்". நெறையப் பேரு அதை அச்சுன்னு நெனைக்கிறாக. அச்சு வேற, ரெண்டு சக்கரத்தையும் தாங்குற பெரிய தண்டு அது. அச்சாணி அந்தத் தண்டோட நுனியில சொருகுற சின்ன ஆணி, வண்டிக்காரர் கடையாணின்னு சொல்றது. விரல் நீளம்தான் இருக்கும். அது கழண்டா சக்கரம் வெளிய உருண்டு வந்துரும், வண்டி சாயும். ஆளு சின்ன இடத்துல இருந்தாருங்கிறதும் அவரு இல்லாம ஓடாதுங்கிறதும் ஒரே சொல்லுல வந்துருது. "சங்கத்தின் அச்சாணி", அவ்வளவுதான். தலைவர் பேரை அதுல இழுக்காதீக. "தலைவரின்"னு ஆரம்பிச்சாலே எந்தச் சொல்லும் ஒரு படி கீழ எறங்கிரும்.

பாம்பன்_கரை
அச்சாணிக்கு எல்லாரும் சரின்னுட்டாக. கயித்து வரியை வரவேற்புரையில சேர்த்தாச்சு, காக்காவுக்கு நன்றி. கடையில இருந்து புரூஃப் வந்துருக்கு: "சங்கத்தின் அச்சானி".

திருப்பாலைக்குடி_கொத்து
மூணு சுழி ணி. ஓரத்துல "உறுதுனை"ன்னும் போட்டிருப்பான், அதையும் பாருங்க.

பாம்பன்_கரை
போட்டிருக்கான்.