அசையாமல் கிடக்கிற ஆமையைக் கடலில போடாதேங்கோ

குழு: கடற்கரைத் தெரு அயல், திருகோணமலை

[காலை 5.48] தர்சன்: சாம்பல்தீவுக்கு நேரே நிக்கிறம். வலை இழுக்கேக்க பெரிய ஆமை ஒண்டு வந்திட்டுது. முன் செட்டை ரெண்டிலயும் கழுத்திலயும் வலை இறுகியிருக்கு. அசைவே இல்லை. செத்திட்டுது போல. அறுத்துக் கடலில விடட்டோ?

[5.49] சிவம் அண்ணை: விடாத தம்பி. போட்டில ஏத்து.

[5.49] ரஞ்சினி ரீச்சர்: தர்சன், அசையாத ஆமை எல்லாம் செத்த ஆமை இல்லை. மூச்சு முட்டி மயங்கினதும் இப்பிடித்தான் கிடக்கும். அதைத் தண்ணிக்குள்ள போட்டால் நேரே தாண்டு போய் அங்கதான் சாகும்.

[5.50] சிவம் அண்ணை: செட்டையில பிடிச்சு இழுக்காத, மூட்டு கழண்டிடும். வலையோட தூக்கிறதும் பிழை, கழுத்து நெரியும். ரெண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். ஒரு கை கழுத்துக்குப் பின்னால ஓட்டு விளிம்பில, மற்றக் கை வாலுக்கு மேல ஓட்டு விளிம்பில. மூண்டாவது ஆள் போட்டின்ர எதிர்ப்பக்கம் இருக்கட்டும், இல்லாட்டி பைபர் போட் சாஞ்சு தண்ணி ஏறும். வாய்ப்பக்கம் கை வேண்டாம். மயக்கத்திலயும் கடிக்கும்.

[5.58] தர்சன்: ஏத்தியாச்சு. [படம்]

[5.59] ரஞ்சினி ரீச்சர்: மல்லாத்த வேண்டாம்! வயிறு கீழ, ஓடு மேல. மல்லாத்தினால் குடலும் ஈரலும் நுரையீரலுக்கு மேல பாரமாக் குந்தும். ஆமையின்ர நுரையீரல் ஓட்டுக்கு நேர் கீழ, முதுகுப்பக்கம் இருக்கு.

பின்பக்கத்தை உயர்த்துங்கோ. குறைஞ்சது 15 சென்ரிமீற்றர். இது பெரிய ஆமை, இன்னும் கொஞ்சம் கூட உயர்த்தலாம். லைஃப் ஜக்கெற், சுருட்டின வலை, எது கிடக்கோ அதைப் பின் ஓட்டுக்குக் கீழ வையுங்கோ. தலை பதிஞ்சிருந்தால் நுரையீரலுக்குள்ள போன தண்ணி வாயாலயும் மூக்காலயும் வடியும்.

[6.01] சிவம் அண்ணை: வலையை அறுக்கேக்க கத்தியின்ர மொட்டைப் பக்கம் தோலோட இருக்கட்டும், கூர்ப்பக்கம் வெளியில. கத்தரிக்கோல் இருந்தால் இன்னும் நல்லம். ஒவ்வொரு வலைக்கண்ணா அறு. கழுத்தில ஒரு இழை மிஞ்சினாலும் ஆமை வளர வளர அது இறைச்சிக்குள்ள இறங்கும். வலையில வாற நட்டத்தை யோசிக்காத, நாலு கண்ணை ஒரு மணித்தியாலத்தில பொத்தலாம். அறுத்த துண்டை வாளிக்குள்ள போடு. கடலில எறிஞ்சால் அது அடுத்த ஆமைக்குச் சுருக்கு.

[6.10] தர்சன்: அறுத்தாச்சு அண்ணை. வாயால தண்ணி வருது. நெஞ்சை அமத்தி விடட்டோ?

[6.10] ரஞ்சினி ரீச்சர்: வேண்டாம். நெஞ்சில மிதிக்கிறது, வாய்க்குள்ள குழாய் விடுறது, தண்ணித் தொட்டிக்குள்ள வைக்கிறது மூண்டும் கொல்லும். ஓட்டு விளிம்பில பிடிச்சு ஒரு பக்கத்தை நாலு விரற்கடை அளவு மெல்லத் தூக்கி இறக்குங்கோ, பிறகு மற்றப் பக்கம். இடையில ஓய்வு குடுத்துத் திரும்பச் செய்யுங்கோ. வெயில் ஏறமுதல் நிழல் போடுங்கோ. ஈரச்சாக்கு ஒண்டை ஓட்டிலயும் செட்டையிலயும் போடுங்கோ, மூக்கை மூடக்கூடாது.

[6.14] கமலா மாமி: பிள்ளையள், ஆமையைப் போட்டில வைச்சிருந்தால் நேவி பிடிக்காதோ? பயமா இருக்கு.

[6.17] ரஞ்சினி ரீச்சர்: நியாயமான கேள்வி மாமி. கடலாமை வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வருது. 1937 இல வந்த சட்டம், பிறகு பல தடவை திருத்தினது. பிடிக்கிறது, கொல்லுறது, இறைச்சி, முட்டை, ஓடு வைச்சிருக்கிறது எல்லாம் குற்றம். அதனால தர்சன், இப்பவே 1992 க்கு எடுங்கோ. அது வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அவசர இலக்கம். "வலையில பட்டது, மயக்கம் தெளிய வைச்சிருக்கிறம்" எண்டு நேரம், இடம், போட்டின்ர பதிவு இலக்கம் மூண்டையும் சொல்லுங்கோ. சொல்லாமல் கரைக்குக் கொண்டு வர வேண்டாம்.

[6.18] பாறூக் நானா: கோல் எடுத்த நேரத்த ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க தம்பி. யாரும் போட்டுக்கு வந்து கேட்டா அதைக் காட்டலாம்.

[6.26] தர்சன்: சொல்லியாச்சு. ரீச்சர், இது என்ன ஆமை?

[6.31] ரஞ்சினி ரீச்சர்: படத்தில பாருங்கோ. முதுகு நடுவில ஒரு வரிசைப் பாளம், ஓட்டில இருக்கிற தகடுதான் பாளம். அதுக்கு ரெண்டு பக்கமும் நாலு நாலு. கண்ணுக்கு இடையில ஒரு சோடிச் செதில்தான். அப்ப இது பேராமை, பச்சை ஆமை எண்டும் சொல்லுறது. பக்கத்துக்கு நாலு இருந்து, பாளம் ஓட்டுக்கூரை மாதிரி ஒண்டின்மேல ஒண்டு ஏறி, கண்ணுக்கு இடையில ரெண்டு சோடிச் செதிலும் கூர்ச் சொண்டும் எண்டால் அழுங்காமை. பக்கத்துக்கு அஞ்செண்டால் பெருந்தலை ஆமை. ஆறு, அதுக்கு மேல எண்டால் பங்குனி ஆமை. பாளமே இல்லாமல் தோல் மூடி, நெடுக வரம்பு வரம்பா ஓடினால் அது தோணி ஆமை. இந்த அஞ்சும் இலங்கைக் கரையில முட்டை இடுறவை. 1992 காரர் வகையைக் கேட்டால் "ஆமை" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, பாளத்தை எண்ணிச் சொல்லுங்கோ. மேலயிருந்து ஒரு படம், தலைக்கு ஒரு படம் போதும்.

[6.33] தர்சன்: கன நேரம் மூச்சு அடக்கும் எண்டுதானே சொல்லுறவை? வலை போட்டு ரெண்டு மணித்தியாலம்கூட வரேல்லை.

[6.38] ரஞ்சினி ரீச்சர்: சும்மா படுத்திருக்கிற ஆமை மணிக்கணக்கில அடக்கும். வலையில மாட்டினது படுத்திருக்காது, உதறும். உதறேக்க இருக்கிற ஒட்சிசன் கெதியில தீர்ந்து, இரத்தத்தில அமிலம் ஏறும். அந்த அமிலம் இறங்க மணித்தியாலக் கணக்கு வேணும். அதாலதான் கண்ணைத் திறந்த உடன விடக்கூடாது. தலை தூக்கி, செட்டை அடிச்சு, நல்லா மூச்சு விட வேணும். சில ஆமைக்கு 4 மணித்தியாலம், சிலதுக்கு 24 வரைக்கும் போகும். 24 மணித்தியாலமும் ஒரு அசைவும் இல்லாட்டித்தான் செத்தது எண்டு எடுக்கலாம்.

இடைக்கிடை சோதியுங்கோ. கண் இமைக்கு மேல விரலால மெல்லத் தொடுங்கோ, கண்ணுக்குள்ள குத்தாமல். வாலை லேசாக் கிள்ளுங்கோ. சுருக்கினால் உயிர் இருக்கு.

[6.40] தர்சன்: வாலைக் கிள்ள கொஞ்சம் சுருக்கினது!

[6.40] ரஞ்சினி ரீச்சர்: அப்பிடியே வைச்சிருங்கோ. அவசரப்பட வேண்டாம்.

[6.52] சிவம் அண்ணை: பொறுத்திருக்கிற நேரத்தில வலையைப் பற்றிச் சொல்லுறன், மற்றப் பெடியளும் வாசியுங்கோ. ஆமை கூட மாட்டுறது மேல் கயிறு நீர்மட்டத்தோட ஒட்டிக் கிடக்கிற வலையில. மூச்செடுக்க வரேக்க மேல் ஒரு பாகத்துக்குள்ளதான், ஆறடிக்குள்ள, அடிபடும். மிதவைக்கும் மேல் கயிற்றுக்கும் இடையில இருக்கிற தொங்கு கயிற்றை ஒரு பாகத்துக்குக் கொஞ்சம் கூட விட்டால் வலை 2 மீற்றர் கீழ இறங்கும். சூரைக்கு அது பெரிய குறை இல்லை. ஆனால் மிதவையைக் குறைச்சு வலையைத் தாழ்க்காதேங்கோ. நடு வலை தொய்ஞ்சு பை மாதிரி வரும், அந்தப் பைக்குள்ளதான் ஆமை உருண்டு சுத்துப்படும்.

[6.55] பாறூக் நானா: அந்த 2 மீற்றர் சிவம் சொந்தமாச் சொல்ற கணக்கு இல்ல. இந்து சமுத்திர டூனா ஆணைக்குழு 2023 ல இருந்து செவுள் வலைய அந்த ஆழத்துல விடச் சொல்லி இருக்கு. இலங்கை அதுல உறுப்பு நாடு. 2.5 கிலோமீற்றருக்கு மேல நீளமான வழிவலை, நீரோட்டத்தோட மிதந்து போற வலை, 2022 ஜனவரி 1 ல இருந்து அந்த ஆணைக்குழுப் பரப்பு முழுக்கத் தடை. ஆழ்கடல் மட்டும் இல்ல, நம்மட பொருளாதார வலயத்துக்குள்ளயும்தான். மல்டிடே போட்டுக்காரர், பல நாள் கடல்ல தங்குறவங்க, துண்டு துண்டாப் போட்டுக் கடல்ல முடிஞ்சா ஒரே வலையாத்தான் கணக்கு.

[6.57] சிவம் அண்ணை: இன்னொண்டு, வலை கிடக்கிற நேரம். பின்னேரம் போட்டு விடிய இழுத்தால் முதல் மணித்தியாலத்தில மாட்டினதுக்கு வழியே இல்லை. கரையோரம் எண்டால் வலைக்குப் பக்கத்தில நிண்டு மிதவையைப் பாருங்கோ. ஒரு இடத்தில மிதவை தாண்டு தாண்டு எழும்பினால் அது மீன் இல்லை, உடன அந்தத் துண்டை மட்டும் தூக்கிப் பாருங்கோ. கடற்சாதாழை (கடற்புல்) பக்கம் வலை விடாதேங்கோ. பேராமையின்ர மேய்ச்சல் தரை அது.

[7.03] தர்சன்: வலையில லைற் கட்டுறது எண்டு ஒரு வீடியோவில பார்த்தன் அண்ணை. உண்மையோ?

[7.08] ரஞ்சினி ரீச்சர்: உண்மை. பெரு நாட்டில செச்சுரா குடாவில சின்னப் போட்டுகளின்ர செவுள் வலையில பச்சை எல்.ஈ.டி விளக்கை மேல் கயிற்றில 10 மீற்றருக்கு ஒண்டாக் கட்டிப் பார்த்தவை. 2016 இல முடிவு வந்தது. பேராமை மாட்டுறது கிட்டத்தட்ட 64 வீதம் குறைஞ்சது, பிடிக்க வந்த மீன் குறையேல்லை. ஆமைக்கு வலை கண்ணில படுது, அவ்வளவுதான். விளக்கு விலை, பற்றரிச் செலவு இருக்கு. சங்கத்தால ஒரு வலைக்கு மட்டும் கட்டிப் பார்க்கலாம். அதுக்கு முதல் கடற்றொழில் பரிசோதகரிட்ட எழுத்தில கேளுங்கோ. வெளிச்சம் பாய்ச்சிப் பிடிக்கிறது வேற விசயம், அந்தக் குழப்பம் வரக்கூடாது.

[7.15] கமலா மாமி: பரிசோதகர், வனசீவராசி, நேவி, கோஸ்ட் காட். ஆர் எதுக்கு எண்டே விளங்குதில்லை.

[7.24] பாறூக் நானா: மாமி, மீனும் வலையும் போட்டும் கடற்றொழில் திணைக்களம். 1996 ம் ஆண்டு 2 ம் இலக்கச் சட்டம். போட் பதிவு, தொழில் அனுமதிப் பத்திரம், வலைக் கண் அளவு, தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலைத் தடை, சுருக்கு வலை அனுமதி எல்லாம் அங்க. அடிக்கடல் இழுவை மடிய 2017 ல சட்டத் திருத்தத்தால முழுசாத் தடுத்தாங்க. ஆமை, ஓங்கில் (டொல்பின்), திமிங்கிலம், பவளப்பாறை வனசீவராசிகள் திணைக்களம். நேவியும் கோஸ்ட் காட்டும் கடல்ல ரெண்டு பேருக்கும் கையாக் காலா நிக்கிறவங்க.

புறாமலைத் தீவுக்குத் தனிக் கணக்கு. 1963 ல சரணாலயம், 2003 ல தேசிய பூங்கா. சுத்தியுள்ள கடலும் சேர்த்து 471 ஹெக்டேயர். நிலாவெளியில இருந்து பார்த்தாக் கைக்கெட்டுற தூரம் மாதிரித் தெரியும், ஆனா எல்லைக்குள்ள வலையும் தூண்டிலும் ரெண்டும் கூடாது. பாறையில நங்கூரம் போட்டாலும் பிடிப்பாங்க. ஜி.பி.எஸ் ல எல்லைய அடிச்சு வைங்க. நீரோட்டம் வலைய உள்ள தள்ளினாலும் "தெரியாது" எண்டு சொல்ல ஏலாது.

[7.27] தர்சன்: போன கிழமை மல்டிடேயில வேலை செய்யிற பெடியன் ஒருத்தன் கேட்டவன், சுறாவில எது கூடாது எண்டு.

[7.33] பாறூக் நானா: வால் உடம்பளவு நீளமா இருக்கிற கசைவால் சுறா, மூணு வகையும். வெண்செட்டைப் பெருங்கடல் சுறா. திமிங்கிலச் சுறா. உயிரோட வந்தா உடன விடணும், செத்து வந்தாலும் கரைக்குக் கொண்டு வர ஏலாது. மற்றச் சுறாவுக்குச் செட்டைய வெட்டித் தனியாக் கொண்டு வர ஏலாது, உடம்போட ஒட்டி இருக்கணும். செட்டை மட்டும் வந்தா எந்தச் சுறா எண்டு யாருக்குமே தெரியாது, அதுக்குத்தான் அந்த விதி.

பிடிச்ச மீன் கணக்கு எழுதுற லொக் புத்தகத்த அன்னன்டைக்கே எழுதச் சொல்லுங்க, போட் நிக்கிற இடத்தக் காட்டுற வி.எம்.எஸ் கருவிய அணைக்க வேணாம். பரிசோதகர் ரெண்டையும் பக்கத்துல வைச்சுத்தான் பார்ப்பார். 2015 ஜனவரியில ஐரோப்பா நம்மட மீன நிறுத்தினதே ஆழ்கடல் போட்ட நாடு கண்காணிக்கல்ல எண்டுதான். 2016 ஜூன்லதான் திரும்ப எடுத்தாங்க. அந்த ஒன்றரை வருசத்துல விலை விழுந்தது விதி மீறினவனுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்.

[7.36] ரஞ்சினி ரீச்சர்: அமெரிக்காவும் 2016 இல ஒரு விதி போட்டது. ஓங்கில், திமிங்கிலம் வலையில சாகிற மீன்பிடிக்கு அவையின்ர நாட்டுக்குச் சமனான பாதுகாப்பு இல்லாட்டி அந்த மீனை உள்ள விடாது. பல தடவை தள்ளிப்போட்டு 2026 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது. நண்டு வலைக்காரரும் கவனிக்க வேணும். ஓங்கில் மாட்டினால் அதையும் எழுதுங்கோ. மறைச்சால் நாட்டிட்டக் காட்ட ஒரு கணக்கும் இராது.

[8.05] கமலா மாமி: சந்தையில விளைமீன் மலிவா நிக்குது. வெடி மீனோ, வெடி போட்டுப் பிடிச்சதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

[8.11] சிவம் அண்ணை: வெளியில பார்த்தால் வலை மீனைவிட வடிவா இருக்கும் மாமி, ஏமாறாதேங்கோ. வலை மீனுக்குச் செவுளடியில வலைத் தடமும் செதில் கழண்டதும் இருக்கும். வெடி மீனுக்கு அது இராது. கண்ணுக்கு முன்னால வெட்டச் சொல்லுங்கோ. முள்ளந்தண்டு ஓரமா இரத்தம் கட்டி நிண்டால், காற்றுப்பை கிழிஞ்சு குடல் கூழாக் கிடந்தால், விலா முள் தசையை விட்டுக் கழண்டால், வேண்டாம். தசை தொளதொளத்துக் கெதியில பழுதாகும்.

[8.14] ரஞ்சினி ரீச்சர்: வெடியின்ர அமுக்கம் காற்று இருக்கிற இடத்தில அடிக்கும், அதுதான் முதல் காற்றுப்பை வெடிக்குது. ஆமையின்ர நுரையீரலுக்கும் அதே அடிதான். காற்றுப்பை கிழிஞ்ச மீன் மிதக்காது, கனக்கத் தாண்டு போகும். பொறுக்கி எடுக்கிறது கொஞ்சம். பாறை நொருங்கினால் அந்தத் தூள் அலையில உருண்டுகொண்டே இருக்கும், புதுப் பவளம் பிடிச்சு வளர இடம் இல்லை.

[8.15] பாறூக் நானா: மாமி, வெடி மீன் எண்டு தெரிஞ்சுகொண்டு வாங்கினாலும் வித்தாலும் அந்த 1996 ம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்துல குற்றம். விலைய விட்டுடுங்க.

[8.16] கமலா மாமி: வாங்கேல்லை. சூடை எடுத்திட்டன்.

[9.41] தர்சன்: தலையைத் தூக்குது! மூச்சுச் சத்தம் கேக்குது. செட்டையால அடிக்குது, சாக்கு பறந்திட்டுது. [வீடியோ]

[9.43] ரஞ்சினி ரீச்சர்: நல்லா இருக்கு. மூச்சுக்கு மூச்சு தலையை உயர்த்துதோ எண்டு இன்னும் அரை மணித்தியாலம் பாருங்கோ. வாயால தண்ணி வாறது நிண்டிட்டுதோ?

[9.44] தர்சன்: நிண்டிட்டுது.

[10.14] தர்சன்: பிடிக்கேலாமல் இருக்கு ரீச்சர், போட் ஆடுது.

[10.15] சிவம் அண்ணை: சரி விடு. முதல் உங்கட வலை எல்லாம் மேல வந்திட்டுதோ பார். பக்கத்தில ஆற்றயும் வலை இல்லாத இடத்துக்கு மெல்லப் போ. எஞ்சினை நியூட்ரலில போட்டு, விசிறி நிண்டாப் பிறகு பின்பக்கத்தால தலை முன்னுக்கு, தண்ணியோட ஒட்ட இறக்கு. எறியாத. அது தூரப் போனதைக் கண்ட பிறகுதான் கியர்.

[10.27] தர்சன்: போயிட்டுது அண்ணை. தாண்டு, நூறு யார் தள்ளி மேல வந்து மூச்செடுத்திட்டுத் திரும்பத் தாண்டது.

[10.28] ரஞ்சினி ரீச்சர்: 1992 க்குத் திரும்ப எடுத்து விட்ட நேரம் 10.27, ஜி.பி.எஸ் இடம், பேராமை எண்டு சொல்லி விடுங்கோ. படம் ரெண்டையும் அழிக்க வேண்டாம்.

[10.29] சிவம் அண்ணை: வாளிக்குள்ள கிடக்கிற வலைத்துண்டைக் கரைக்குக் கொண்டு வா. பொத்திறதுக்கு 4 மணிக்கு நான் வாடிக்கு வாறன், ஊசியும் நூலும் என்னட்ட இருக்கு. தொங்கு கயிறையும் அப்பவே நீட்டிப்போடுவம்.