டோர் சுவிட்சுக்குத் தமிழ்ச்சொல்: 'நிலைக்குமிழ்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். காரின் கதவைத் திறந்தால் உள்விளக்கை எரியவைக்கும் டோர் சுவிட்சுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க ஒரு சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'அழுத்தாளி' போதுமே. அழுத்தினால் வேலை செய்கிற சுவிட்ச்தானே அது?

ஐயா, அங்கேதான் இடிக்கிறது. பழைய காரின் கதவைத் திறந்தால் அது வந்து பொருந்தும் சட்டத்தில் ஒரு சின்னக் குமிழ், பெரும்பாலும் ரப்பர் உறையோடு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கதவைச் சாத்தும்போது அது உள்ளே அமுங்கும், இணைப்பு விடும், கூரை விளக்கு அணையும். திறந்தால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும், விளக்கு எரியும். அழைப்புமணிப் பட்டனுக்கு நேர் எதிர். என் காரில் உள்விளக்கு எரியாமல் போனபோது இது தெரியாமல் விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்து அரைநாளைக் கழித்தேன். அடுத்தவருக்கும் அதே தவறான படத்தைச் சொல்லே கொடுத்துவிடக் கூடாது.

'கதவாளி' என்பதும் வந்தது. இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்குப் புழங்கும் 'ஆளி' எனக்குப் பிடித்த சொல். ஆனால் இந்த சுவிட்ச் கதவில் இல்லை. கதவாளி என்று படித்தவர் கதவின் உள்பலகையைக் கழற்றத் தொடங்குவார். 'நிலையாளி' என்று மாற்றினாலோ தொழிலாளி, முதலாளி போல ஓர் ஆளைக் குறிப்பதாகத் தோன்றும்.

அதனால் 'நிலைக்குமிழ்' என்று முன்வைக்கிறேன். வீட்டு வாசலில் கதவு பொருந்தும் சட்டத்தை நிலை என்றுதானே சொல்கிறோம்? காரிலும் அது நிலைதான்.

ஒரு கலைச்சொல்லைப் பழுதுபார்க்கும் பேச்சில் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. பாருங்கள்:

"ஒரு கதவுக்கு மட்டும் எரியவில்லை என்றால் அந்தக் கதவின் நிலைக்குமிழைப் பார். எந்தக் கதவுக்கும் எரியவில்லை என்றால் முதலில் பல்பு, அப்புறம் பியூஸ். நிலைக்குமிழின் திருகைக் கழற்றி மெதுவாக வெளியே இழு. பின்னால் ஒரே ஒயர் இருக்கும். அதை நூலால் கட்டிக்கொள், நிலையின் தூணுக்குள் நழுவினால் எடுப்பது பெரும்பாடு. ஒயர் முனையைப் பெயின்ட் இல்லாத இரும்பில் தொடு. விளக்கு எரிந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது, கோளாறு குமிழில் அல்லது திருகடியில்."

(இரண்டு ஒயர் இருந்தால் இப்படித் தொடவே வேண்டாம். சில கார்களில் சுவிட்ச் பேட்டரியின் பிளஸ் பக்கம் இருக்கும், பியூஸ் போய்விடும்.)

என் காரில் திருகடியில்தான் கோளாறு. துளையைச் சுற்றிப் பழுப்புத் துரு, தொட்டால் பொடியாக விரலில் ஒட்டியது. உப்புத்தாளால் இரும்பு மினுங்கும்வரை தேய்த்துத் திருகை முடுக்கியதும் விளக்கு எரிந்தது. ஒரே ஒயர் உள்ள சுவிட்சில் மின்சாரம் காரின் உடலுக்குப் போகும் வழியே அந்தத் திருகுதான். அதை எர்த் என்கிறோம். ஆனால் ரப்பர் டயரில் நிற்கிற வண்டிக்குப் 'புவியிணைப்பு' ஏது? இதற்கு 'உடலிணைப்பு' என்று வைக்கலாம்.

———

> நிலைக்குமிழ் எனக்கும் சரி. ஆனால் கூரை விளக்கின் சுவிட்சுக்கே மூன்று 'நிலை' உண்டே, குழப்பாதா? விளக்கு அணையாமலே கிடக்கிற கோளாறுக்கும் இந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தீர்களா?

நல்ல கேள்வி, அக்கா. அந்த மூன்றையும் 'எரி, கதவு, அணை' என்று பெயராலேயே சொல்லிவிடலாம். "சுவிட்சைக் 'கதவு' என்பதில் வை" என்றால் போதும், நிலை என்ற சொல் அங்கே வரவே வேண்டாம்.

அணையாத விளக்குக்கு இந்தச் சொல் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது: "நிலைக்குமிழ் முழுதாக உள்ளே போகவில்லை." அழுக்கில் சிக்கியிருக்கலாம், கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கலாம். குமிழின் தலையில் சாக்பீஸ் பூசிக் கதவைச் சாத்தித் திறந்தால், கதவு அதைத் தொடுகிறதா என்று தடம் சொல்லிவிடும். இதைத் தள்ளிப்போடவும் கூடாது. 12 வோல்ட்டில் 10 வாட் பல்பு சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும். ஒரு முழுநாள் எரிந்தால் 20 ஆம்பியர்-மணி, அதாவது 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி.

வேறு மறுப்பு இல்லையென்றால், இரண்டு சொற்களையும் இந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு நம் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.